கறுப்பு நூலில் பொடுகு

லாரல் ஃபோர்ட், வட கரோலினா
20 ஆகஸ்ட் 1973

டேய் ஹாய்ட்,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார். அடித்தது உன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போனில் பேசியிருக்கலாம். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கும் ஒரே லைன். நான் உன்னைத் திட்டுவதை யூலா ஸ்டோக்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அதோடு, நீ பாதியில் டொக்கென்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்தாலும் ஒரு வரியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

நேற்று சர்ச் விருந்தில் நீ கரண்டியை நீட்டின நேரம் பார்த்து என் வாழைப்பழப் புட்டிங்கை மேஜையிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆமாம், தூக்கினேன். என் புருஷனை வேலையிலிருந்து துரத்தின கைக்கு நான் புட்டிங் போட வேண்டுமா?

நம் அப்பா காலத்திலிருந்து கார்லண்ட் அந்தச் சாயப்பட்டறையில் கொப்பரை ஓட்டுகிறார். நீ அங்கே டிரவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடித் திரிந்தபோதே அவர் வேலைக்காரர். இன்றைக்கு நீ மேஸ்திரி. கறுப்பு நூல் சுற்றின கோன்களில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது, பின்னலாடைக்காரன் லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டான், கார்லண்ட் சோப்பைச் சரியாக அலசவில்லை, அதனால் வீட்டுக்குப் போ. இதுதானே உங்கள் விஸ்னன்ட் முதலாளியும் நீயும் சேர்ந்து எழுதின தீர்ப்பு?

அவர் கடைசியாக வேலைக்குப் போட்டுப் போன சட்டையை நான் துவைக்கவில்லை. கை மடிப்பில் இருந்த தூளை உதறி, நான் வேலை செய்கிற நூல் ஆலை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. சோப்பாக இருந்தால் கரைந்திருக்கும், உப்பாக இருந்தாலும் கரைந்திருக்கும். சூடு காட்டினேன். அறுநூறு டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டித்தான் உருகியது. அது சோப்பும் இல்லை, என் புருஷனின் சோம்பலும் இல்லை. அது பாலியஸ்டருக்குள்ளேயே இருக்கிற சரக்கு. நீங்கள் பட்டறையில் பொடுகு என்று சொல்வீர்களே, அதேதான். சாய வேலையில் இத்தனை வருஷம் இருக்கிற உனக்கு அது தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

விஸ்னன்டிடம் போ. "அது கார்லண்டின் தப்பு இல்லை" என்று சொல். ஒரே ஒரு வரி. அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கராஜில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி மறுபடி ஆரம்பிக்கிறார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இமோஜின்
(அக்கா என்று எழுதக் கை வரவில்லை)


கூப்பர்ஸ் பெண்ட்
24 ஆகஸ்ட் 1973

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய திருமதி இமோஜின் அவர்களுக்கு,

தாங்கள் தூக்கிக்கொண்டு போன புட்டிங்கில் வாழைப்பழம் கனிந்திருக்கவில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ஆகவே எனக்கு நஷ்டம் இல்லை.

பாலியஸ்டருக்குள்ளேயே இருக்கிற சரக்காம். நல்லது. அந்தப் பாலியஸ்டரை யார் செய்தது? நானா? உன் ஆலை! உங்கள் புகைக்குழாய்க்கு அடியில் உருக்கி, இழுத்து, சுற்றி, லாரியில் ஏற்றி என் தலையில் கட்டுகிறீர்கள். உங்கள் நூலின் பொடுகு என் கொப்பரையில் உதிர்கிறது. பழி எனக்கு, சாபம் எனக்கு, புட்டிங் இல்லாததும் எனக்கு.

உனக்கு உன் புருஷன் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் ஒன்று செய். உன் ஆலையின் பெயர் போட்ட தாளில், "எங்கள் நூல் அழுக்கு நூல், கழுவாமல் விற்றுவிட்டோம்" என்று எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. நான் அதை விஸ்னன்டின் மேஜையில் வைக்கிறேன். மறுநாள் உன் வேலை இருக்குமா என்று பார்ப்போம். என் வேலையைப் பணயம் வைக்கச் சொல்வது சுலபமாக வருகிறது இல்லையா?

இன்னொன்று. நான் யாரையும் துரத்தவில்லை. விஸ்னன்ட் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து "யாருடா இது?" என்று கத்தினார். கார்லண்ட் மச்சான்தான் ஓர் அடி முன்னால் வந்து, "நான்தாங்க, அலசுறதுல ஒரு தண்ணிய விட்டுட்டேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று உன் வீட்டு கராஜில் போய்க் கேள். ஸ்க்ரூ பிரிக்கிற மனிதருக்கு வாய் இருக்கிறது.

ஹாய்ட்


லாரல் ஃபோர்ட்
29 ஆகஸ்ட் 1973

டேய்,

வாழைப்பழம் கனிந்துதான் இருந்தது.

அவரிடம் கேட்டேன். "விடு இமோ, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு" என்கிறார். மறுபடி ஸ்க்ரூ டப்பாவைத் திறந்துகொள்கிறார். ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாத மனுஷன், அலசிய தண்ணீரை அலசவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். இப்போதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

கழுவி விற்க வேண்டியதுதானே என்கிறாய். காதைக் கொடுத்துக் கேள். எங்கள் ஆலைக்கு இரண்டு சாமான் வருகிறது. ஒன்று கிளைக்கால், நீ குளிர்காலத்தில் கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற அதே சரக்கு. இன்னொன்று மாவு மாதிரி வெள்ளையாக ஓர் அமிலம். தனித்தனியாக இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. ஆனால் இரண்டுக்கும் இரண்டிரண்டு கை. சூட்டில் போட்டால் இது அதன் கையைப் பிடிக்கும், அது அடுத்ததன் கையைப் பிடிக்கும், இப்படியே நூறு ஜோடி கோத்து நீண்டால் நீ சாயம் போடுகிற நூல்.

எல்லாமே ஒழுங்காக நீளாது. மூன்றே மூன்று ஜோடி சேர்ந்ததும் சிலது தலையும் வாலும் பிடித்துக்கொண்டு வளையமாகிவிடும். இனி அதற்குக் கொடுக்கக் கை கிடையாது. மூலச் சரக்கும் இல்லை, நூலும் இல்லை, இரண்டுங்கெட்டான். ஆய்வுக்கூடத்தில் ஒலிகோமர் என்போம். நூறு பங்கில் இரண்டு, மூன்று பங்கு அதுதான் இருக்கும்.

நாங்கள் கழுவிப் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? போன வருஷம் நானே கழுவினேன். கரைப்பானில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க, ஒரு வளையம்கூட இல்லாமல் எடுத்தேன். சோதித்தேன், சுத்தம். நூலாக இழுக்க மறுபடி உருக்கினோம். அதே இரண்டு, மூன்று பங்கு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. நீண்ட சங்கிலியிலிருந்தே பிய்த்துக்கொண்டு மறுபடி வளையமாகிவிடுகிறது. சூடு பட்டால் அதற்கென்று ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு வந்தே தீரும். எங்கள் ஆலையில் மட்டும் இல்லை, உலகத்தில் எந்த ஆலை பாலியஸ்டர் செய்தாலும் இதுதான். ஆகவே 'அழுக்கு நூல்' என்று நான் எழுதிக் கொடுத்தால் அது பொய்க் கையெழுத்து. என் வேலைக்குப் பயந்து சொல்லவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். அந்த வளையங்கள் சாயக் கொப்பரையின் சூட்டில் நூலை விட்டு வெளியே வந்து தண்ணீரில் கிடக்கும். சூட்டோடு வால்வைத் திறந்துவிட்டால் சாயத் தண்ணீரோடே சாக்கடைக்குப் போய்விடும். ஆறவிட்டுத் திறந்தால் அத்தனையும் நூல்மேலேயே படியும். இது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியது இல்லை. அதே நூலைத்தான் இரண்டு வருஷமாக வாங்குகிறாய். இந்த வசந்த காலம் வரைக்கும் ஒரு கோன்கூடத் திரும்பி வரவில்லை. ஏப்ரலில் என்னடா மாற்றினாய்?

இமோஜின்


கூப்பர்ஸ் பெண்ட்
3 செப்டம்பர் 1973

அக்கா,

கேட்டுவிட்டாய் அல்லவா. கேட்காமல் இருந்திருக்கலாம்.

உன் புருஷனைக் கூப்பிட்டு இடது காலின் பேன்ட்டைச் சுருட்டச் சொல். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இருக்கிற அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று இன்னொரு தடவை கேள். சர்ச்சில் மீன் வறுக்கும்போது டீக்கன் மெல்வின் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார், அதானே? ஏப்ரலிலிருந்து நீ அந்த டீக்கனுக்கு முகம் கொடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த மனிதர் அன்றைக்கு வறுத்த மீனைத் தவிர எதையும் தொடவில்லை.

சூட்டோடு திறந்துவிட வேண்டும் என்று கூடத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். எங்கள் பட்டறையில் அது எப்படி என்று தெரியுமா? கொப்பரைக்கு அடியில் வால்வு, அதற்குப் பக்கத்திலேயே திறந்த வாய்க்கால். இருநூற்று அறுபது டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கிற தண்ணீர் வெளியே வந்ததும் ஒரு பங்கு ஆவியாகிச் சீறும். மூடின பைப் போட்டு வெளித் தொட்டிக்கு எடுத்துப் போனால் ஒரு பயமும் இல்லை. விஸ்னன்டிடம் நான் போய்க் கேட்டேன். "உன் ஆளுங்களுக்குக் கால் இருக்குல்ல? பின்னால தள்ளி நிக்கச் சொல்லு" என்றார். பின்னால் எங்கே தள்ளி நிற்பது? முதுகுக்குப் பின்னால் சுவர்.

மச்சான் கால் வெந்த அன்றைக்கு அவரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஷூவைக் கழற்றினபோது சாக்ஸ் தனியாக வரவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணினேன், மச்சானும் சரி, என் ஷிப்டில் மற்ற ஆறு பேரும் சரி, எவனும் இனிமேல் சூட்டில் திறக்கக்கூடாது. ஆறவிட்டுத்தான் திறந்தோம். விஸ்னன்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒரே வார்த்தையில் "சூட்டிலேயே திற, இல்லாவிட்டால் வெளியே போ" என்பார். பொடுகு விழும் என்று தெரியும். காஸ்டிக் சோடா போட்டு இன்னொரு கழுவு கழுவினோம், பெரும்பாலும் சமாளித்தோம். கறுப்பில் மாட்டிக்கொண்டோம்.

வரிசையில் நின்ற அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அன்று சாயங்காலமே அந்த வால்வு முன்னால் ஒருத்தன் நின்றிருப்பான். மச்சானுக்கு அது தெரியும். அதனால்தான் முன்னால் வந்தார். உன்னிடம் மறைத்ததும் அவர்தான். "இமோவுக்குத் தெரிஞ்சா பட்டறையையே கொளுத்திருவா" என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். இப்போது உன்னால் அதையும் உடைத்துவிட்டேன்.

போ. விஸ்னன்டிடம் நீயே போய்ச் சொல். உன் புருஷனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். எந்த வால்வு முன்னால் என்றும் யோசித்துக்கொள்.

ஹாய்ட்


லாரல் ஃபோர்ட்
6 செப்டம்பர் 1973

ஹாய்ட்,

சுருட்டச் சொன்னேன். அவர் சுருட்டிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் காலுக்கு ஆறு வாரம் மருந்து போட்டவள் நான். ஒவ்வொரு தடவை துணியைப் பிரிக்கும்போதும் "அந்த மெல்வின் நாசமாகப் போக" என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இவர் "பாவம், விடு" என்றார். பாவம்தான்! என்னைச் சுற்றி இரண்டு ஆண்கள் பெரிய தியாகிகள் மாதிரி நின்றுகொண்டு, நான் ஒரு பைத்தியக்காரி என்று தீர்மானம் செய்திருக்கிறீர்கள். உண்மை தெரிந்தால் கொளுத்திவிடுவேனாம். தெரியாமல் வைத்திருந்தீர்களே, அதற்குத்தான் கொளுத்தத் தோன்றுகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஒரு தட்டு வைத்தேன். நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். வாழ்க்கையில் முதல் தடவை.

நீ ஆறு பேருடைய காலைக் காப்பாற்றினாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதைக் கொடுத்துக் காப்பாற்றினாய்? ஏற்கெனவே வெந்த காலை மறுபடி கொடுத்து. காலும் அவருடையது, பழியும் அவருடையது. உனக்கு மேஸ்திரி நாற்காலி. கணக்கு நன்றாக இருக்கிறதா?

விஸ்னன்டிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். அது உன் வேலை. சொன்னால் அந்த ஆளுக்கு மண்டையில் ஏறாது என்பதும் தெரியும். அவரிடம் பேசாதே. ஒரே நூலில் இரண்டு கொப்பரை போடு. ஒன்றை ஆறவிட்டுத் திற, ஒன்றைச் சூட்டில் திற. பொடுகு எங்கே விழுகிறது என்று அவரே பார்க்கட்டும். பார்த்ததும் சூட்டிலேயே திறக்கச் சொல்வார். அப்போது எங்கே தள்ளி நிற்பது என்று அவரையே நின்று காட்டச் சொல்.

மாதம் முடிவதற்குள் நீ செய்யாவிட்டால், எனக்குத் தம்பி இல்லை. இதை நான் அடிக்க மாட்டேன்.

இமோஜின்


கூப்பர்ஸ் பெண்ட்
21 செப்டம்பர் 1973

அக்கா,

நேற்றுச் செய்தேன். என் வாயாலேயே தெரிந்துகொள்.

இரண்டு கொப்பரை, ஒரே நூல், ஒரே கறுப்பு. முதலாவதை ஆறவிட்டுத் திறந்து, கோன்களை உலர்த்தி வைத்திருந்தேன். விஸ்னன்ட் வந்து விரலால் தடவிப் பார்த்தார். விரல் வெள்ளை. அவர் போட்டிருந்தது எங்கள் பட்டறையில் சாயம் போட்ட நூலில் பின்னித் தைத்த கறுப்பு கோட். அதிலேயே விரலைத் துடைத்துவிட்டு, வெள்ளைக் கோடு விழுந்ததும் இன்னும் கோபப்பட்டார்.

"இது இன்னிக்குப் போட்டது. கார்லண்ட் இங்க இல்ல. நல்லா மூணு தண்ணி அலசியாச்சு" என்று சொன்னேன்.

"அப்புறம் எப்படிடா வருது?"

"ஆறவிட்டுத் திறந்தா வரும். சூட்டுல திறந்தா வராது. ஏப்ரல்லேர்ந்து நான்தான் ஆறவிடச் சொன்னேன்."

மூக்கு நுனி வரை சிவந்துவிட்டது. "என்கிட்ட கேக்காமயா? அந்த ரெண்டாவதச் சூட்டுல திற. இப்பவே திற!"

"கார்லண்ட் கால் வெந்தது இங்கதாங்க."

"தள்ளி நின்னு திறக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியலைங்க. எங்க நிக்கணும்னு நீங்க கொஞ்சம் நின்னு காட்டுங்க."

ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு பேர் இல்லாவிட்டால் அவர் நின்றிருக்க மாட்டார். வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், மச்சான் நின்ற அதே இடத்தில் நின்றார். நான் வால்வைக் கால் திருகு மட்டும் திருகினேன். முழுசாகத் திறக்கவில்லை அக்கா, நான் கொலைகாரன் இல்லை. ஆவி ஒரே ஒரு மூச்சுச் சீறியது. மனிதர் காஸ்டிக் சோடா பீப்பாய் மேல் ஏறி நின்றுவிட்டார். அவ்வளவு பருத்த உடம்பு அவ்வளவு உயரம் எப்படி ஏறியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு ஷூ வாய்க்காலில் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒற்றைக் காலில் ஷூவோடு ஆபீஸ் கதவைச் சாத்தின பிறகுதான் சிரித்தோம்.

இன்றைக்குக் காலையில் பைப் போடுகிறவன் அளவெடுக்க வந்துவிட்டான். மூடின பைப், வெளித் தொட்டி, எல்லாம். மச்சான் கால் வெந்தபோது வராத பைப், இவர் ஷூ வெந்ததும் வந்துவிட்டது. இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சானை மறுபடி வேலைக்குக் கூப்பிட ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார். என் சாவியை வாங்கிக்கொண்டார். "ஏப்ரல்லேர்ந்து என்னை ஏமாத்தினவன் என் கூரைக்குக் கீழ வேண்டாம்" என்றார். நீ கேட்ட கணக்கு இப்போது சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்.

வீட்டில் மச்சான் என்னைக் கேட்டால் சும்மா இருக்கிறேன் என்று சொல். எனக்குப் பிரிக்க ஸ்க்ரூகூட இல்லை.

ஹாய்ட்


லாரல் ஃபோர்ட்
8 அக்டோபர் 1973

ஹாய்ட்,

பைப் போட்டாகிவிட்டது. முதல் கறுப்பு கோன் ஒன்றைக் கார்லண்ட் கொண்டுவந்து கொடுத்தார். கூடத்துக்கு எடுத்துப்போய் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பொடுகு இல்லை. நூலுக்குள்ளே வளையங்கள் இருக்கத்தான் செய்யும், அது போகாது. மேலே எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

டீக்கன் மெல்வின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "அந்த மீன் வறுவல் நல்லா இருந்ததா, அதையாவது சொல்லும்மா" என்றார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கார்லண்டோடு பேச ஆரம்பித்துவிட்டேன். சண்டைதான், ஆனால் பேச்சு. முந்தாநாள் நடந்ததை நீ கேட்க வேண்டும். விஸ்னன்ட் இவரைக் கூப்பிட்டு, "இனி நீதான் மேஸ்திரி, அந்த நாற்காலில போய் உக்காரு" என்றாராம். இவர், "கொப்பரை ஓட்டுறேங்க, நாற்காலி வேண்டாம்" என்றாராம். "ஏன்?" என்று கேட்டதற்கு, "அது என் மச்சானோடது" என்றிருக்கிறார். "அப்படின்னா தூக்கிட்டுப் போ!" என்று விஸ்னன்ட் கத்தியிருக்கிறார். கோபத்தில் சொன்னது. இவர் நிஜமாகவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்! லாரியில் பின்னால் கட்டி, நொண்டிக் காலோடு இறக்கி, என் கராஜ் நடுவில் வைத்திருக்கிறார். ஒரு கை உடைந்து, பஞ்சு வெளியே தொங்குகிற அசிங்கம் பிடித்த நாற்காலி. காரை உள்ளே விட முடியவில்லை.

எங்கள் ஆலையில் சாயச் சோதனைக்கு ஓர் ஆள் தேடுகிறார்கள். கொப்பரை தெரிந்த ஆள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். முன்கோபி, அக்காவிடம் பொய் சொல்லுவான், ஆனால் வேலை தெரியும் என்று சொன்னேன். எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. உன் கடைசிக் கடிதத்தைப் படித்தபோது சுத்தமாகப் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இன்று காலையில் அந்தக் கால் தழும்பைப் பார்த்ததும் சூடு ஏறியது, அதே அளவு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இது இனி எனக்குள்ளே இருக்கும் போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து உன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போ. எனக்குக் காரை உள்ளே விட வேண்டும். பின்ட்டோ பீன்ஸும் சோள ரொட்டியும் இருக்கும். புட்டிங்கும் செய்கிறேன். உன் கரண்டியை நீயே கொண்டு வா. மேஜையிலிருந்து தூக்க மாட்டேன்.

அக்கா